இரட்டைக் கணக்கும் பிடித்துவைக்கப்பட்ட பணமும்

இணையச் சூதாட்டத் தளங்களின் விதிமுறைகளில் பெரும்பாலும் ஒரு வாசகம் இருக்கும்: ஒருவருக்கு ஒரு கணக்குதான், மீறினால் கணக்கு முடக்கப்படும், அதிலுள்ள பணம் தரப்படாது. படிக்க எளிய விதி. நடைமுறையில் அது ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் விழித்துக்கொள்கிறது. ஆட்டக்காரர் பணம் கட்டும்போது யாரும் தடுப்பதில்லை, தோற்கும்போதும் தடுப்பதில்லை. ஜெயித்த தொகையை வங்கிக்கு மாற்றக் கேட்டபிறகே அவர் பெயரில் இன்னொரு கணக்கு இருப்பதாகப் பதில் வருகிறது. அந்தப் பணம் யாருடையது, அதைத் தளம் வைத்துக்கொள்ளலாமா, கூடாது என்றால் ஆட்டக்காரர் எங்கே முறையிடுவது என்பவை இன்றைய கேள்விகளாகத் தோன்றினாலும், இவற்றுக்கு அடியில் இருப்பது மிகப் பழைய ஒன்று: களத்தை நடத்துபவரே பணத்தையும் கையில் வைத்துக்கொண்டு, ஏமாற்றியவர் யார் என்ற தீர்ப்பையும் சொல்லலாமா?

சபிகனும் அரசனும்

பழைய நூல்களில் இதற்கு ஒன்றுக்கொன்று முரணான பதில்கள் உண்டு. மனு சூதையே நாட்டிலிருந்து ஒழிக்கச் சொல்கிறார். ஒழிக்க வேண்டிய தொழிலின் பணத்தகராறுக்கு விதி எழுத அவருக்குத் தேவையில்லை. திருக்குறள் சூதுக்கு ஓர் அதிகாரத்தைப் பொருட்பாலில் ஒதுக்கியிருக்கிறது என்றாலும், அதன் கவலை ஆடுபவன் அழிவதைப் பற்றியது. யாக்ஞவல்கிய ஸ்மிருதியோ களத்தை நடத்தும் சபிகனுக்கே கடமைகளை வகுக்கிறது. அவன் ஜெயித்தவரிடம் குறிப்பிட்ட விழுக்காட்டைப் பங்காக எடுத்துக்கொள்ளலாம். அரசனுக்குரிய பாகத்தைச் செலுத்த வேண்டும். ஜெயித்த பொருளை ஜெயித்தவரிடம் சேர்க்க வேண்டும். அரசபாகம் செலுத்தப்பட்ட களத்தில் அந்தப் பொருள் கைக்கு வராவிட்டால் அதை வாங்கித் தருவது அரசன் பொறுப்பு. வரி வாங்கியவனுக்கு நியாயம் வழங்கும் கடமையும் உண்டு என்பது இந்த நிலைப்பாட்டின் சாரம்.

கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் இன்னும் கறாரானது. தஞ்சாவூர் மாவட்டத்துப் பண்டிதர் ஒருவர் 1905ஆம் ஆண்டு வாக்கில் மைசூர் கீழ்த்திசை நூலகத்தில் ஒப்படைத்த சுவடியின் வழியாகவே இந்நூல் மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது, ஆர். சாமசாஸ்திரி 1909இல் மூலத்தையும் 1915இல் ஆங்கில மொழிபெயர்ப்பையும் நூலாக வெளியிட்டார். இதன் மூன்றாம் அதிகரணத்தின் கடைசி அத்தியாயம் சூதைப் பற்றிப் பேசுகிறது. ஆட்டம் ஓரிடத்தில் நடக்க வேண்டும். காய்களை அதிகாரியே தர வேண்டும். காயை மாற்றினால் 12 பணம் தண்டம். கள்ளாட்டம் ஆடியவன் தண்டம் கட்டுவதோடு ஜெயித்த பந்தயத்தையும் இழப்பான். ஆக, ஏமாற்றி ஜெயித்த பணத்தைப் பறிப்பது தளங்கள் கண்டுபிடித்த விதி அல்ல. இதே இடத்தில் கௌடில்யர் தமக்கு முந்தைய ஆசிரியர்களோடு முரண்படுகிறார். சூது வழக்கில் ஜெயித்தவனைவிடத் தோற்றவனுக்குக் கூடுதல் தண்டம் என்பது அவர்கள் கொள்கை. அப்படியானால் எவனும் அரசனிடம் முறையிட வரமாட்டான் என்கிறார் கௌடில்யர். இந்த ஒரு வாதம் பின்வந்த சட்டங்களில் திரும்பத் திரும்பத் தொலைந்துபோயிருக்கிறது.

இந்தப் பழைய மாதிரிக்கு ஓர் எல்லை உண்டு. சபிகனோ அரசின் அதிகாரியோ ஆட்டத்தில் ஒரு கை அல்ல. யார் ஜெயித்தாலும் அவர்களுக்கு நூற்றுக்கு இத்தனை என்று வந்துவிடும். இணைய ரம்மித் தளம் ஏறத்தாழ இதே நிலையில் இருக்கிறது: ஆடுபவர்களின் பணத்திலிருந்து கமிஷன் எடுத்துக்கொள்கிறது. ரூலெட், ஸ்லாட் நடத்தும் கேசினோ அப்படியல்ல. அங்கே ஆட்டக்காரரின் எதிராளி கேசினோதான். ஆட்டக்காரர் ஜெயிப்பது அதற்கு நேரடி நட்டம். எதிராளியே நடுவராக அமரும் ஏற்பாட்டைப் பழைய நூல்கள் கற்பனை செய்திருக்கவில்லை.

பந்தயத்துக்கு வழக்கில்லை

காலனியச் சட்டம் தந்த பதில் வேறு திசையில் போனது: நீதிமன்றம் இந்தப் பணத்தைத் தொடவே தொடாது. பிரிட்டனின் 1845ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் பந்தய ஒப்பந்தங்களைச் செல்லாதவை ஆக்கியது. அது இந்தியாவுக்குப் பொருந்தாது என்று பிரிவி கவுன்சில் 1848இல் தீர்ப்பளித்தது. கல்கத்தா ஏலத்தில் அபின் என்ன விலைக்குப் போகும் என்று வணிகர்கள் கட்டிய பந்தயம் அந்த வழக்கின் பொருள். அந்த ஆண்டே 21ஆம் எண் சட்டம் வந்து அந்த வாசலை மூடியது. பிறகு 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 30ஆம் பிரிவில், பந்தயம் செல்லாது என்றும் அதில் ஜெயித்ததாகச் சொல்லப்படும் எதற்கும் வழக்குத் தொடர முடியாது என்றும் எழுதிவைத்தது. 500 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்கு மட்டும் விலக்கு. உச்ச நீதிமன்றம் 1959இல் கெருலால் பாரக் வழக்கில் ஒரு நுட்பத்தைச் சேர்த்தது: பந்தயம் செல்லாதது, ஆனால் அதனாலேயே சட்டவிரோதமானது ஆகிவிடாது.

இந்த நிலைப்பாடு நடுநிலை போலத் தெரியும். விளைவு நடுநிலையானது அல்ல. வழக்கே இல்லை என்றால் பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே நிலைத்துவிடும். முன்பணம் வாங்கிக்கொண்டு ஆட்டம் நடத்தும் எல்லாத் தொழிலிலும் பணம் இருப்பது நடத்துபவர் கையில்தான். தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டபிறகும், கேரள லாட்டரி முடிவின் கடைசி எண்களை வைத்து நடக்கும் மூன்று நம்பர் லாட்டரி காவிரி டெல்டா ஊர்களிலும் தொடர்ந்தது. அதில் துண்டுச்சீட்டு எழுதிக்கொடுத்தவர் பணம் தர மறுத்தால் எந்த அலுவலகத்திலும் மனு கொடுக்க முடியாது. வெளிநாட்டு கேசினோவில் ஆடுபவரின் நிலை சட்டப்படி அதைவிடப் பெரிதாக மேம்பட்டதில்லை.

திறமை ஆட்டம் என்ற வகை இந்தச் சுவரில் ஒரு வாசல் திறந்தது. ரம்மி பெரும்பாலும் திறமை சார்ந்தது என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சத்தியநாராயணா வழக்கில் சொன்னது. பணம் வைத்து ஆடினால் ரம்மியும் சூதுதான் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012இல் ஒரு மனமகிழ் மன்ற வழக்கில் கருதியது. மேல்முறையீட்டில் அந்த வழக்கே திரும்பப் பெறப்பட்டதால் அந்தக் கருத்து நிலைபெறவில்லை. இணைய ரம்மியையும் சேர்த்துத் தடுத்த தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தத்தை அதே உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்ட் 3 அன்று ரத்து செய்தது. மாநில அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பின் வந்த புதிய சட்டத்தை 2023 நவம்பர் 9 அன்று ஏற்றுக்கொண்ட நீதிமன்றம், ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டப் பட்டியலில் சேர்த்ததை மட்டும் ஏற்கவில்லை. ரம்மி திறமை ஆட்டம் என்றால் 30ஆம் பிரிவின் தடை விலகுகிறது. பிடித்துவைத்த பணம் சாதாரண நுகர்வோர் வழக்காகிறது என்பது ஒரு வலுவான வாதம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்த வாசகங்களைச் செல்லாதவை என்று அறிவிக்கும் அதிகாரத்தை மாநில, தேசிய ஆணையங்களுக்குத் தருகிறது. மாவட்ட ஆணையத்துக்கு அந்த அதிகாரம் இல்லை. தஞ்சாவூர்க்காரர் ஒருவர் சில ஆயிரம் ரூபாய்க்காக மாநில ஆணையம்வரை போவாரா என்பது வேறு விஷயம்.

கட்டிய பணம், ஜெயித்த பணம், போனஸ்

தளங்களின் விதிமுறை எல்லாத் தொகையையும் ஒன்றாகக் கருதுகிறது. சட்டம் அப்படிக் கருதக் கட்டாயமில்லை. கணக்கில் கட்டப்பட்டு இன்னும் ஆட்டத்தில் வைக்கப்படாத பணம் ஒரு வகை. ஆடி ஜெயித்தது இன்னொரு வகை. தளம் இலவசமாகத் தந்த போனஸ் மூன்றாவது.

முதல் வகையில் ஆட்டக்காரரின் கை ஓங்கியிருக்கிறது. பந்தயம் செல்லாது என்றிருந்த இங்கிலாந்திலேயே, தலைக்கு 200 பவுண்டு கட்டி நடந்த ஒரு நடைப்போட்டி வழக்கில் (டிகிள் எதிர் ஹிக்ஸ், 1877), பந்தயப் பணத்தை வைத்திருந்தவரிடமிருந்து தாம் கட்டியதைத் திரும்பப் பெறும் உரிமை ஏற்கப்பட்டது. ஜெயித்ததைக் கேட்பது வேறு, போட்டதைக் கேட்பது வேறு என்பது அதன் தர்க்கம். இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 65ஆம் பிரிவு, செல்லாதது என்று தெரியவரும் ஒப்பந்தத்தில் பெற்ற பலனைத் திருப்பித் தரச் சொல்கிறது. சட்டவிரோதம் என்று தொடக்கத்திலேயே இருவருக்கும் தெரிந்திருந்தால் இப்பிரிவு உதவாது என்று உச்ச நீதிமன்றம் 1974இல் குஜு காலியரீஸ் வழக்கில் சொன்னதும் உண்மை. ஆனால் 1967இல் சீதாராம் எதிர் ராதாபாய் வழக்கில் அதே நீதிமன்றம் ஒப்புக்கொண்ட விலக்குகளில், சட்டவிரோத நோக்கம் இன்னும் கணிசமாக நிறைவேறாத நிலையும் இருவர் குற்றமும் சமமாக இல்லாத நிலையும் அடங்கும். ஆடப்படாத பணம் இந்த இரண்டுக்கும் பொருந்திவரக்கூடும்.

இரண்டாம் வகையில் ஏமாற்று நிரூபிக்கப்பட்டால் தளத்தின் நிலை வலுவானது. போக்கர் வீரர் பில் ஐவி 2012இல் லண்டன் கிராக்ஃபோர்ட்ஸ் கேசினோவில் சீட்டின் பின்புற ஓர வேறுபாட்டைப் பயன்படுத்தி சுமார் 77 லட்சம் பவுண்டு ஜெயித்தார். கேசினோ அவர் போட்ட 10 லட்சத்தைத் திருப்பித் தந்து, ஜெயித்ததைத் தர மறுத்தது. பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் 2017இல் கேசினோவின் பக்கம் நின்றது. கவனிக்க வேண்டியது, போட்ட பணத்தை வைத்துக்கொள்ள கேசினோ முயலவில்லை. மொத்த இருப்பையும் பறிக்கும் விதிமுறைகள் இதைத் தாண்டிப் போகின்றன. இந்தியாவில் அவற்றை ஒப்பந்தச் சட்டத்தின் 74ஆம் பிரிவோடு உரசிப் பார்க்கலாம்: ஒப்பந்தத்தில் எழுதிய தண்டத்தொகை எவ்வளவாக இருந்தாலும், நீதிமன்றம் அந்த வரம்புக்குள் நியாயமான இழப்பீட்டையே தரும். மௌலா பக்ஸ் வழக்கிலிருந்து 2015இன் கைலாஷ்நாத் வழக்குவரை இந்தப் போக்கு தெளிவாகவே இருக்கிறது. இரண்டாவது கணக்கால் தளத்துக்கு 500 ரூபாய் போனஸ்தான் நட்டம் என்றால், 50,000 ரூபாயைப் பிடித்துவைப்பதற்கு விளக்கம் சொல்வது கடினம்.

போனஸ் பற்றி அதிகம் சொல்ல இல்லை. அது நிபந்தனையோடு வந்தது. நிபந்தனை மீறப்பட்டால் திரும்பப் போவதில் பெரிய அநியாயம் இல்லை.

யாருக்கு நட்டம்

இரட்டைக் கணக்கு எல்லா ஆட்டத்திலும் ஒரே குற்றம் அல்ல. இரண்டு கட்டு வைத்து ஆறு பேர் ஆடும் ரம்மியில் ஆளுக்கு 13 சீட்டு. ஒருவரே இரண்டு இருக்கையில் அமர்ந்தால் 26 சீட்டைப் பார்க்கிறார். ஒரு கைக்கு வேண்டிய சீட்டை மறு கை இறக்கிக் கொடுக்கிறது. மற்ற நான்கு பேரின் பணம் நேராகத் திருடப்படுகிறது. இங்கே கணக்கை முடக்குவது மற்ற ஆட்டக்காரர்களைக் காப்பது. கேசினோ ஸ்லாட்டில் இரண்டு கணக்கு வைத்திருப்பவர் ஜெயிக்கும் வாய்ப்பு ஒரு கணக்குக்காரரின் வாய்ப்பைவிடக் கூடுவதில்லை. முதல்முறை போனஸை இரண்டாம் முறை வாங்கலாம், அவ்வளவே. மூன்றாவதாக ஒரு சூழலும் உண்டு. பழக்கத்தை விட முடியாமல் தன்னைத் தானே தடைப்பட்டியலில் சேர்த்துக்கொண்டவர் வேறு விவரங்களோடு திரும்ப வருவார். அவர் தோற்றால் தளம் பேசாமல் இருக்கும், ஜெயித்தால் விதியை எடுத்துக் காட்டும். விமர்சகர்கள் தளங்களின் நேர்மையை அதிகம் சந்தேகிப்பது இந்த இடத்தில்தான். சந்தேகத்துக்கு நியாயமும் இருக்கிறது.

பறித்த பணம் எங்கே போகிறது என்பதை வைத்தே விதியின் நோக்கத்தைப் பெருமளவு கணித்துவிடலாம். போக்கர்ஸ்டார்ஸ் தளம் 2007இல் தன் உலக இணையப் போட்டியின் முதன்மை ஆட்டத்தில் முதலிடம் பிடித்த கணக்கை விதிமீறலுக்காகத் தகுதிநீக்கம் செய்தது. சுமார் 12 லட்சம் டாலர் பரிசை அது வைத்துக்கொள்ளவில்லை. அடுத்தடுத்த இடங்களில் இருந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தது. கணக்கின் உரிமையாளர் ஐல் ஆஃப் மேன் நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கு பின்னர் கைவிடப்பட்டது. பணம் நடத்துபவரின் பெட்டிக்குப் போகாதபோது அவர் தீர்ப்பில் நம்பிக்கை கூடுகிறது. கேசினோவில் இந்த வழி இல்லை, ஏனெனில் பிரித்துக் கொடுக்க வேறு ஆட்டக்காரர் அங்கே இல்லை.

ஒரு வீடு, ஒரு போன்

இரண்டு கணக்கும் ஒரே ஆளுடையது என்று தளம் எப்படி முடிவு செய்கிறது? பொதுவாகப் பார்ப்பவை: ஐபி முகவரி, போனின் அடையாள எண், வங்கிக் கணக்கு அல்லது யுபிஐ முகவரி, வீட்டு முகவரி, அடையாள அட்டைப் பெயர். இவை ஒவ்வொன்றும் தனித்தனியாக வாழும், தனிப் போனும் தனிக் கணக்கும் உள்ள நகரத்து ஆளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. காவிரி டெல்டாவின் கிராமத்து வீட்டில் இவை அநேகமாக எல்லாமே தடுமாறும்.

கைபேசி நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. ஒரே டவரின் கீழுள்ள அண்ணன் தம்பி மட்டுமல்ல, முன்பின் தெரியாதவர்களும் ஒரே முகவரியில் தெரிவார்கள். போன் அப்பாவிடமிருந்து மகனுக்கும், பழைய போன் கடையிலிருந்து அடுத்த ஊருக்கும் கைமாறுகிறது. சிம் ஒருவர் பெயரில் இருக்கும், பேசுவது இன்னொருவர். குறுவையோ சம்பாவோ தாளடியோ, நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் சிட்டா யார் பெயரில் இருக்கிறதோ அவர் வங்கிக் கணக்குக்கு மொத்தமாக வரும். குடும்பம் முழுவதும் அந்த ஒரு கணக்கில்தான் புழங்கும். மேலத்தெரு, கீழத்தெரு என்ற அளவில் நிற்கும் முகவரியில் கதவு எண் பெயருக்குத்தான். தமிழ்ப் பெயர்களின் தலைப்பெழுத்து வேறு குழப்பம் செய்கிறது: ஆதாரில் ஓரெழுத்தாகவும் பான் அட்டையில் அப்பா பெயராக விரிந்தும் இருக்கும் ஒருவர் இரண்டு ஆளாகத் தெரிவார், ஒரே தலைப்பெழுத்தும் பெயரும் கொண்ட பங்காளிகள் ஒரே ஆளாகத் தெரிவார்கள். இத்தகைய தடயங்கள் சந்தேகத்துக்குக் காரணமாகலாம். பணத்தைப் பறிப்பதற்குப் போதிய சான்றாகுமா என்பது பெரிதும் ஐயத்துக்குரியது.

எப்போது சோதிப்பது என்பதும் இதே அளவு முக்கியம். பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் 2019 மே 7 முதல் ஆட்டம் தொடங்கும் முன்பே அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும் என்றது. முன்பே கேட்டிருக்கக்கூடிய ஆவணத்தைப் பணம் எடுக்கும் நேரத்தில் நிபந்தனையாக்கக் கூடாது என்றும் சேர்த்தது. அங்கே 2007 செப்டம்பர் முதல் சூதாட்ட ஒப்பந்தத்தை நீதிமன்றத்தில் அமல்படுத்தலாம் என்பதால் இந்த விதிக்குப் பல் உண்டு. 2021இல் பெட்ஃபிரெட் நிறுவனம் மென்பொருள் கோளாறைக் காட்டி 17 லட்சம் பவுண்டைத் தர மறுத்த வழக்கில், அந்த விதிமுறைகள் தெளிவாக இல்லை, ஆட்டக்காரரின் கவனத்துக்கு முறையாகக் கொண்டுவரப்படவும் இல்லை என்று உயர் நீதிமன்றம் தொகையைத் தரச் சொன்னது.

மாநிலம், மத்தி, வரி

தமிழ்நாடு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட ஒழுங்குமுறைகள் சோதனையை வாசலுக்குக் கொண்டுவந்தன: முதல்முறை உள்நுழையும்போதே ஆதார் சரிபார்ப்பு, ஆதாருடன் இணைந்த எண்ணுக்கு ஓடிபி, நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டம் கிடையாது. சென்னை உயர் நீதிமன்றம் 2025 ஜூன் 3 அன்று இவற்றைச் சரி என்றது. தனியுரிமை பற்றிய எதிர்வாதம் இருந்தாலும், இரட்டைக் கணக்கைப் பொறுத்தவரை இதுவரை இந்தியாவில் வந்த தீர்வுகளில் இது உருப்படியானது. அதற்கு ஆயுள் கிடைக்கவில்லை. நாடாளுமன்றம் நிறைவேற்றி 2025 ஆகஸ்ட் 22 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் பெற்ற மத்தியச் சட்டம், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடில்லாமல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டம் எல்லாவற்றையும் தடை செய்தது. பெரிய இந்தியத் தளங்கள் பண ஆட்டத்தை நிறுத்தி, ஆட்டக்காரர்கள் தங்கள் இருப்பை எடுத்துக்கொள்ளலாம் என்று அறிவித்தன.

வரிச் சட்டம் தன் பாகத்தை முன்பே எடுத்துக்கொண்டது. 2023 ஏப்ரல் முதல் இணைய ஆட்டத்தின் நிகர வெற்றிக்கு 30 விழுக்காடு வருமான வரி; அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டும் தொகை முழுவதன் மீதும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி விதிக்கப்பட்டது. நிகர வெற்றியைக் கணக்கிடும் விதி, ஒருவருக்கு ஒரே தளத்தில் பல கணக்குகள் இருக்கக்கூடும் என்பதையும் கருத்தில் கொண்டே எழுதப்பட்டது. தளம் குற்றம் என்பதை வரித்துறை சாதாரண நிகழ்வாகப் பார்த்திருக்கிறது. யாக்ஞவல்கியரின் அளவுகோலில் அரசபாகம் செலுத்தப்பட்டுவிட்டது. பணத்தை வாங்கித் தரும் கடமை மட்டும் எந்தத் துறையிடமும் ஒப்படைக்கப்படவில்லை.

தீராதவை

தடைக்குப் பின் உள்நாட்டுத் தளங்களில் முடங்காத கணக்குகளின் இருப்பு பெரிய சிக்கல் இல்லாமல் கரைந்துவிடும் என்று கருத இடமுண்டு. ஏற்கெனவே இரட்டைக் கணக்கு என்று முடக்கப்பட்டவற்றில் நின்றுபோன தொகை அப்படியல்ல. அதில் ஆடப்படாத பகுதிக்கு 65ஆம் பிரிவு பொருந்துமா, மொத்தப் பறிமுதல் 74ஆம் பிரிவைத் தாண்டுமா என்பவற்றுக்கு நேரடியான விடை தேவைப்படுகிறது. ஒரே ஆள் என்று நிரூபிக்கும் சுமை தளத்தின் மேலா, வேறு ஆள் என்று நிரூபிக்கும் சுமை ஆட்டக்காரர் மேலா என்பது அதற்கும் முந்தைய கேள்வி. பதிவுகள் எல்லாம் தளத்திடமே இருப்பதால் முதலாவதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

வெளிநாட்டுத் தளங்களில் சிக்கல் இன்னும் ஆழமானது. அவை சில நேரம் பணத்தைத் தரும்போதும் முன்பின் தெரியாத தனிநபர் கணக்குகள் வழியாக அனுப்புகின்றன. அந்தக் கணக்குகளில் ஒன்று சைபர் மோசடிப் புகாரில் சிக்கினால், பணம் பெற்றவரின் வங்கிக் கணக்கும் முடங்கக்கூடும், நெல் பணமும் சேர்ந்து. சந்தேகத் தொகையைக் குறிப்பிடாமல் கணக்கு முழுவதையும் முடக்கக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் கூறியிருப்பது இத்தகையவர்களுக்கு ஓரளவு உதவும்.

முறையிடுபவரே குற்றவாளியா என்பது எஞ்சியிருக்கிறது. தமிழ்நாட்டின் 2023 சட்டப்படி இணையச் சூதாட்டம் ஆடியவருக்கு மூன்று மாதம்வரை சிறை, 5,000 ரூபாய்வரை அபராதம் அல்லது இரண்டும். மத்தியச் சட்டம் நடத்துபவருக்கு மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு கோடி ரூபாய்வரை அபராதம் என்று விதித்தபோதும் ஆடுபவரைத் தண்டிக்கவில்லை. வெளிநாட்டு கேசினோ பிடித்துவைத்த பணத்துக்காகக் கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ ஒருவர் காவல் நிலையத்தில் புகார் எழுதினால், முதல் சட்டத்தின்படி அது ஒப்புதல் வாக்குமூலம். இரண்டாவதன்படி பாதிக்கப்பட்டவரின் முறையீடு. மத்தியச் சட்டத்துக்கு எதிரான உயர் நீதிமன்ற வழக்குகளை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தன்னிடம் மாற்றிக்கொண்டது. சூதும் பந்தயமும் மாநிலப் பட்டியலில் உள்ளவை; தகவல்தொடர்பு மத்தியப் பட்டியலில் உள்ளது. இந்த இரண்டில் எது இணைய ஆட்டத்தை ஆளும் என்ற முடிவைப் பொறுத்தே அந்தப் புகார்தாரர் எந்தச் சட்டத்தின் கீழ் நிற்கிறார் என்பதும் தீரும்.